என் கூடப் பிறந்த ஓட்டை

என் இதயத்தில் ஓட்டை இருப்பது எனக்கு இருபத்தேழாவது வயதில் தெரிந்தது. அதற்கு முன்பு என் அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஆரணியில் இன்னும் சிலர் இந்த இரண்டாவது வாக்கியத்தை நம்புவதில்லை. அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். செய்தியாளர்கள் அனுப்பும் மாவட்டச் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைப்பது என் வேலை. ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அலுவலகம் மாடியில் இருந்தது. படியேறி என் நாற்காலிக்குப் போனதும் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் சொல்ல முடியாது. மூச்சு வாங்கும். படுத்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு டாக்டர் ரத்தசோகை என்றார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். இன்னொருவர் வீசிங் என்றார். அதற்கும் மாத்திரை சாப்பிட்டேன். மூன்றாவதாகப் போளூரில் ஒரு வயதான டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி வைத்தார்.

"சின்ன வயசுல யாராவது எதாவது சொன்னாங்களாம்மா?"

"இல்ல சார்."

"சத்தம் ரொம்ப மெலிசா இருக்குது. தேடினாதான் கேக்குது. எக்கோ எடுத்துடுங்க."

எக்கோ என்பது வலியில்லாத பரிசோதனை. மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து நகர்த்துவார்கள். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் திரும்பி வந்து, இதயம் அசைவதைத் திரையில் படமாகக் காட்டும். எடுத்து முடித்ததும் டாக்டர் எங்களை உட்கார வைத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். நான், என் அப்பா ஏகாம்பரம், என் கணவர் தயாளன் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம்.

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. கருவில் அந்தச் சுவர் உருவாகும்போது சிலருக்கு முழுதாக வளர்வதில்லை. எனக்கு வளரவில்லை. சுத்தமான ரத்தம் அந்த ஓட்டை வழியாக இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய், மறுபடி நுரையீரலுக்கே திரும்புகிறது. இருபத்தேழு வருடமாக இதயத்தின் வலப்பக்கம் இரட்டை வேலை செய்து வீங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து மூட வேண்டும். தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டு, பிறகு மூடவே முடியாத நிலை வரும்.

"இத கஞ்செனிட்டல்னு சொல்லுவோம். பிறவியிலேயே இருக்கறது" என்றார் டாக்டர்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பொறந்தப்போ நல்லாத்தாங்க இருந்தது. அழுதது, பால் குடிச்சது. சளி மட்டும் அடிக்கடி புடிக்கும். எங்களுக்கு ஒண்ணும் தெரியலிங்களே?"

"தெரியாதுங்க ஐயா. இந்த வகையில குழந்தை நீலமாகாது. ஓடும், ஆடும். நிறைய பேருக்கு முப்பது, நாப்பது வயசுலதான் தெரிய வரும். பெத்தவங்க கண்டுபிடிக்க முடியாது. உங்க தப்பு ஒண்ணும் இல்ல."

தயாளன் கேட்டார், "பொறக்கற கொழந்தைக்கு வருங்களா?"

"பெரும்பாலும் வராது. ஒருசில குடும்பத்துலதான் பரம்பரையா வரும். பிறவி வேற, பரம்பரை வேற. புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுதுங்க" என்றார் தயாளன்.

பிறவி என்ற சொல் எங்கள் அலுவலகத்தில் தினமும் புழங்கும். பிறவிக் கலைஞர் என்று இரங்கல் செய்தியில் வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்று நிவாரணச் செய்தியில் வரும். பிறவி ரவுடி என்று ஒரு செய்தியாளர் எழுதி அனுப்பினார், அந்தச் சொல்லை அடித்தேன். கேட்பவர்கள் ஒவ்வொரு இடத்திலும் அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்தே கேட்கிறார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் சிறியது. பிறக்கும்போது உடம்பில் இருந்தது, அவ்வளவுதான். எதனால் வந்தது, யார் வழியாக வந்தது, யாருக்குத் தெரியும் என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. பரம்பரை என்பது பெற்றவர்கள் வழியாக இறங்குவது. அது பிறக்கும்போது தெரியாமல் ஐம்பது வயதில்கூடத் தலைகாட்டலாம். பிறவியில் இருக்கும் குறையோ, குடும்பத்தில் முன்பும் பின்பும் ஒருவருக்குமே இல்லாததாக இருக்கலாம். கருவில் இருக்கும்போது தாய்க்கு வந்த ஒரு காய்ச்சலால்கூட வரலாம். பல சமயம் காரணமே தெரியாது. குற்றச் செய்தி எழுத வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, ஒரு வீட்டில் ஒரு பொருள் இருந்தது என்பது வேறு, வீட்டுக்காரருக்குத் தெரிந்து இருந்தது என்பது வேறு என்பதைத்தான். இரண்டாவதை எழுத ஆதாரம் வேண்டும்.

என் புகுந்த வீட்டில் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

மாமனார் முனிரத்தினம் பட்டு வியாபாரி. நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிறவர். அன்று மாலை நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"பொறவிலயே இருக்குதாம்பா. ஆபரேஷன் பண்ணணுமாம்" என்றார் தயாளன். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"பொறவிலயேவா? அப்போ பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

மாமியார் சமையலறையிலிருந்தே சொன்னார், "இருவத்தஞ்சி வருசம் வளத்தவங்களுக்குத் தெரியாதாம், ரெண்டு வருசத்துல நமக்குத் தெரிஞ்சி போச்சாம். நல்லா கீது கதை!"

மாமனார் எதையும் கோபமாகச் சொல்ல மாட்டார். விலை பேசுகிற குரலில்தான் பேசுவார். எங்கள் ஊரில் புடவையில் பழுது வந்தால் ஒரு வழக்கம் உண்டு. குறுக்கு இழையான ஊடையில் பழுது என்றால் நெய்தவர் பொறுப்பு, கூலியில் பிடிப்பார்கள். நீள இழையான பாவிலேயே பழுது என்றால் நெய்தவர்மேல் குற்றமில்லை. பாவு கொடுத்தவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். மாமனார் வாழ்நாள் முழுவதும் இந்த நியாயத்தில் நின்று வியாபாரம் செய்தவர்.

"பாவுலயே பழுதுன்னா பாவு குடுத்தவன் எடுத்துக்கணும். நாயம் அதானே? உங்கப்பா வந்து, தெரிஞ்சிதான் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவட்டும். நான் வேற ஒண்ணும் கேக்கலியே."

"மாமா, நான் புடவை இல்ல."

"புடவையா இருந்தா பரவால்லியே மா. திருப்பிக் குடுத்துட்டு வேற எடுத்துகினு வந்திருப்பேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். மாமியாரும் சிரித்தார். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. தயாளன் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் சென்னையில். மருத்துவமனையில் முதல் சில நாள் காத்திருப்பதே வேலை. ரத்தம் எடுக்க, எக்ஸ்ரே எடுக்க, பல் டாக்டரைப் பார்க்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. பல்லில் சொத்தை இருந்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்விடுமாம், அதனால் முதலில் பல். பிறகு தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை செலுத்தி, உள்ளே அழுத்தத்தை அளந்தார்கள். வலியைவிட, உடம்புக்குள் யாரோ நடந்து போவது போன்ற உணர்வுதான் பயமாக இருந்தது. அழுத்தம் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அம்மா அன்றுதான் முழுத் தட்டு சோறு சாப்பிட்டார்.

பில் தினமும் மாலையில் வரும். அப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தொகையை என் எதிரில் யாரும் படிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது எங்கள் தெருவிலிருந்து நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தார். "இவனுக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணும் போலகீதே!" என்று மற்றவர்கள் அவரை ஓட்டினார்கள். தயாளனும் ரத்தம் கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். வார்டில் எனக்குத் தலை வாரிவிட்டார், சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார், ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்தார். இதெல்லாம் செய்யத் தெரிந்த மனிதருக்குத் தன் அப்பாவின் எதிரில் வாய் மட்டும் திறக்காது.

பக்கத்துக் கட்டிலில் கலசப்பாக்கத்து ஜெயமேரி. என் வயதுதான் இருக்கும். விவசாயக் குடும்பம். சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு வந்த காய்ச்சலைச் சரியாகக் கவனிக்காததால் இதயத்தின் வால்வு சுருங்கிப் போனவள். அவளுடையது பிறவியில் வந்ததல்ல, பிறகு வந்தது. ஆனால் அவள் மாமியாரும் "பொறவி நோயாளி" என்றுதான் சொல்வாராம்.

"உனக்கு உள்ளயே இருந்தது, எனக்கு வெளிய இருந்து வந்தது. அறுக்கற கத்தி ஒண்ணுதான். உடு" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மதியம் நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"கல்யாணம் ஆனவங்கதானே? வீட்டுக்காரர் கையெழுத்தும் வேணும்."

"அப்பா போடட்டுமே" என்றேன்.

"அப்பாவெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி."

தயாளன் படிவத்தை வாங்கினார், பார்த்தார். "எங்கப்பா வந்துகினு இருக்காரு. வந்ததும் போட்டுடறேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். பாரிமுனையில் கடைகளுக்குப் புடவை கொடுக்க வந்த மாமனார், வந்த வேலையோடு இங்கேயும் வருவதாகச் சொல்லியிருந்தாராம். நர்ஸ் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்ந்த பிறகு அப்பா மட்டும் வந்தார். முகம் கழுவியிருந்தார், துடைக்கவில்லை.

"மாப்ள கையெழுத்துப் போட்டுட்டாரு. காலைல உன்னதான் மொதல்ல எடுக்கறாங்களாம். தைரியமா இரு மா."

ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது மற்றவர்கள் சொன்னதுதான். நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி ஓட்டையில் வைத்துத் தைத்தார்கள். பிறகு எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், விலாவில் குழாய். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகளைக் கட்டியிருந்தார்கள். அப்படியொரு தாகம். ஒரு நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே அம்மா நின்றார். வார்டுக்கு வந்த பிறகு, இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தார்கள். இல்லையென்றால் எலும்பு இரண்டாகப் பிரிகிற மாதிரி வலிக்கும். மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும்பும் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். மூன்றும் எழும்பினால் நுரையீரல் நன்றாக விரிகிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்றுதான் எழும்பியது.

ஜெயமேரிக்குக் காய்ச்சல் வந்ததால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அவள்தான் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தாளாம்.

"அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு கேண்டீன்ல டீ குடிச்சிகினு இருந்தாராம். உங்க மாமனாரு ரெண்டு பேரக் கூட்டிகினு வந்தாராம். உங்கப்பாவ நிக்க வெச்சி, 'தெரிஞ்சிதான் மறைச்சி கட்டிக் குடுத்தேன்னு இவங்க எதிர்ல சொல்லு, எம்புள்ள கையெழுத்துப் போடுவான்'னு சொன்னாராம்."

"அப்பா?"

"'ஆமாங்க, தெரியுங்க, மறைச்சிட்டேன்'னாராம். ஜல்தியா சொல்லிட்டாராம், யோசிக்கவே இல்லியாம். நாழியாவுது, கையெழுத்துப் போடச் சொல்லுங்கன்னாராம்."

"இவரு?"

"உம் புருசனா? டீ டம்ளர கீழ வெச்சிட்டு, கேண்டீன்காரன்கிட்ட பேனா கேட்டாராம்."

இருமல் வந்தது. தலையணையைத் தேடி அணைத்துக்கொண்டேன். அன்று அப்பா வந்ததும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"ஒரு வார்த்தைதானே மா. சொன்னா உன்ன உள்ள எடுத்துகினு போவாங்கன்னா சொல்ல மாட்டனா?"

என் பிழைப்பே வார்த்தைதான். ஒருவர் "ஒப்புக்கொண்டார்" என்று செய்தியில் வந்தால், யாரிடம், எந்த நிலையில் என்று கேட்காமல் அதை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். போலீஸ் சொன்னால்கூட "ஒப்புக்கொண்டதாகக் கூறப்படுகிறது" என்றுதான் போடுவேன். என் அப்பாவுக்கு அந்த ஒரு "கூறப்படுகிறது"கூடக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன வார்த்தை நான் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஆரணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா வீட்டில்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "பாவம், பெத்தவருக்கும் வேற வழி இல்ல. மறைக்காம எப்படிக் கட்டிக் குடுக்கறது?" என்று ஆறுதல் சொன்னார்கள். அப்பாவும் நெசவாளர்தான்; மாமனாரிடம் இல்லாமல் வேறொரு முதலாளியிடம் நெய்துகொண்டிருந்தார். புடவையைக் கொடுக்கப் போனபோது அந்தக் கடையில் ஒருவர், "இன்னா ஏகாம்பரம், இதுல எதாவது மறைச்சி வெச்சிகினு கீறியா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்தார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புகுந்த வீட்டிலிருந்து ஓர் உறவுக்காரப் பெண்மணி வந்தார். "அதான் உங்கப்பாவே ஒத்துக்கினாரே, மன்னிச்சிட்டாங்க. ஆடி கழிஞ்சதும் உன்ன அனுப்பச் சொன்னாங்க" என்றார்.

மறுநாள் அப்பா தறியில் இருந்த நேரத்தில் ஆட்டோ பிடித்து மாமனாரின் கடைக்குப் போனேன். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் மார்பில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டேன். கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். புடவை கொடுக்க வந்த நெசவாளர்கள் சுவர் ஓரமாக இருந்தார்கள். தயாளன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"வா மா. ஒடம்பு தேவலையா? உள்ள போயி அத்தையப் பாரு."

"உங்களத்தான் பாக்க வந்தேன் மாமா. எங்கப்பாவுக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?"

"எனக்கு ஓட்டை இருந்தது. அவரு எதையும் மறைக்கல."

"அவரே ஒத்துக்கினாரு மா, ரெண்டு பேரு சாட்சி கீறாங்க. முடிஞ்சிபோன விசயத்துக்கு எதுக்கு இப்ப பேஜாரு?"

"மறுநாளு ஆபரேஷன். கையெழுத்த கைல புடிச்சிகினு கேட்டா, கொலை பண்ணேன்னு கேட்டாலும் ஒத்துக்கினு இருப்பாரு. டாக்டர் சொன்னப்போ மூணு பேரு இருந்தோம். நான், எங்கப்பா, உங்க புள்ள. நீங்க அவரக் கேளுங்க."

கடையில் இருந்த எல்லோரும் தயாளனைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"இன்னாடா?" என்றார் மாமனார்.

"சொன்னாங்கப்பா."

"இன்னான்னு?"

"பெத்தவங்க கண்டுபுடிக்க முடியாதுன்னு. அவங்க தப்பு இல்லன்னு."

"எப்ப சொன்னாங்க?"

"எக்கோ எடுத்த அன்னிக்கே."

"அன்னிலேந்து தெரிஞ்சிகினே சும்மா இருந்தியாடா?"

சுவர் ஓரத்திலிருந்து ஒருவர், "அப்போ மறைச்சது நம்ம தம்பிதான் மொதலாளி" என்றார். சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மடியில் இருந்த பையைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"உன்ன யாருனா கேட்டாங்களா?" என்று அவரிடம் கேட்டார் மாமனார். அந்தக் குரலில் முதல் தடவையாக விலை பேசுகிற நிதானம் இல்லை. பிறகு என்னிடம், "சரி, நடந்தது நடந்துபோச்சி. வுடு மா" என்றார்.

"நடந்துபோவல மாமா. ஊர்ல இன்னும் நடந்துகினுதான் இருக்குது. எங்கப்பாவ எப்படி ரெண்டு பேரு எதிர்ல சொல்ல வெச்சீங்களோ, அப்படியே நாலு பேரு எதிர்ல நீங்க வந்து, இல்லன்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

அவர் வரவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வரவில்லை. நானும் போகவில்லை. வேலூரில் வீடு பார்த்துக்கொண்டு மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். சில மாதம் கழித்துத் தயாளன் அங்கே வந்து சேர்ந்தார். அவரை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறவர்களிடம், அது எங்கள் மாமனார் வீட்டில் புழங்கும் வார்த்தை, எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அன்று கடையிலிருந்து நேராக அப்பாவிடம் போனேன். தறியில் இருந்தார்.

"எங்க மா போனே? எலும்பே இன்னும் கூடல."

சொன்னேன். அவர் தறியை நிறுத்தினார்.

"மாப்ள சொன்னாரா? எல்லார் எதிர்லயும்?"

"சொன்னாரு."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "அன்னிக்கிக் கேண்டீன்ல என் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு மா" என்றார். "உங்க மாமனாரு மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. இவரு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு."